குவாய் ஆற்றங்கரைக்கு ஓய்வெடுக்கச் செல்வோர்க்கு

ஓய்வுபெற்றோர் ஊர் சுற்றக் கூடாது என்று எவரேனும் சொன்னால் அவரோடு வாதிட நான் முதலில் வருவேன். நாற்பது ஆண்டுகள் துறைமுகக் கிடங்கிலும் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள் அவர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீவக வீட்டின் கடனை அடைத்து, பேரப்பிள்ளைகளையும் தூக்கி வளர்த்த பிறகு, தம் வாழ்க்கைத் துணையோடு ஓர் ஆற்றங்கரையில் நான்கு நாள் அமர்ந்து வருவதில் என்ன பிழை இருக்க முடியும்? ஆகவே இக்கட்டுரை ஓய்வுக்கு எதிரானதன்று. எந்த ஆற்றங்கரையில் அமர்கிறோம், அந்த மண்ணுக்கடியில் யார் கிடக்கிறார்கள் என்று ஒருமுறையேனும் கேளாமல் அமர்ந்துவிட்டு வருகிற ஓய்வுக்கு எதிரானது.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் 'கேரவன்' எனப்படும் வீட்டுவண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவது வழக்கம். ஆற்றோரம் ஓரிடம் பிடித்து, வண்டியை நிறுத்தி, மடக்கு நாற்காலி இரண்டை விரித்துப் போட்டு, நீரோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துவார்கள். நம் தீவிலோ காலையில் புறப்பட்டால் தேநீர் ஆறுமுன் கடல் வந்துவிடும். வீட்டுவண்டி இழுத்துப் போவதற்கு இங்கே தூரம் ஏது? நமக்கு வாய்த்த சக்கரவீடு இரயில்தான். அது புறப்பட்ட இடம் தஞ்சோங் பகார்.

1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் இரயில் நிலையம், 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவோடு மூடப்படும்வரை, ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் நம் மக்களின் வெளியூர் வாசலாக இருந்தது. தோட்டத்துச் சொந்தங்களைப் பார்க்கப் போனவர்களும், கோலாலம்பூர்த் திருமணத்துக்குப் போனவர்களும், நடைமேடையோரத்தில் பரோட்டாவும் தேநீரும் உண்டுவிட்டு அங்குதான் வண்டி ஏறினார்கள். 1993இல் 'ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் எக்ஸ்பிரஸ்' என்னும் சொகுசு இரயில் அங்கிருந்து பாங்காக்கை நோக்கி ஓடத் தொடங்கியது. ஜப்பானில் செய்யப்பட்டு, முன்பு நியூசிலாந்தில் ஓடிய பெட்டிகள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. படுக்கையறை, குளியலறை, உணவுக்கூடம், காற்று வாங்குவதற்குக் கடைசிப் பெட்டியில் திறந்த மாடம் என்று ஒரு நடமாடும் மாளிகையாகவே அது விளங்கியது. தாய்லாந்துக்குள் நுழைந்தபின் காஞ்சனபுரிக்குப் போய் நிற்கும். பயணிகள் இறங்கிக் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்ப்பார்கள். ஆற்றில் மிதவைப் படகேறிச் செல்வார்கள். தஞ்சோங் பகார் மூடப்பட்டபின் அது உட்லண்ட்ஸிலிருந்து புறப்பட்டது. 2020இல் நின்று 2024இல் மீண்டும் தொடங்கியபோது மலேசியாவுக்குள் சுற்றிவரும் வண்டியாக மாறிவிட்டது.

அந்த வண்டியின் கட்டணத்தைக் கேட்டாலே நம்மில் பலருக்கு மூச்சடைக்கும். எனவே நம்மவர் பெரும்பாலும் பாங்காக்வரை விமானத்திலும் அங்கிருந்து பேருந்திலும் காஞ்சனபுரிக்குச் செல்கிறார்கள். ஆற்றின் மேலேயே மூங்கில் மிதவைகளில் கட்டிய விடுதிகள் அங்கு உள்ளன. அவற்றுள் சிலவற்றில் மின்சாரமே கிடையாது. இரவில் எண்ணெய் விளக்குத்தான். அதை ஒரு புதுமையாக எண்ணி மகிழ்கிறோம். கரையோரக் காட்டில் எண்ணெய் விளக்கும் இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றி நமக்கு எவரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

சுற்றுலாக்காரர் அங்கே காண்பது என்ன? முதலில் பாலம். அதன் வளைந்த இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை. நடுவிலுள்ள நேர்கோட்டுச் சட்டங்கள் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. அடுத்துப் போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கு வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெட்டிச் சீர்செய்த புல், பூஞ்செடிகள், ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. பிறகு 'ஜீத்' அருங்காட்சியகம். 1977இல் ஒரு புத்தவிகாரையின் வளாகத்தில் அமைந்தது அது. அதன் பெயர் ஆங்கில எழுத்துகள் ஐந்தின் கோவை: ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்து ஓர் எழுத்து, தாய்லாந்து, ஹாலந்து. இந்த இருப்புப்பாதையில் உழைத்த நாட்டாரின் பெயர்களாம் இவை. மலாயாவுக்கு அதில் ஓர் எழுத்து இல்லை. பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் இல்லை. இந்தியா என்னும் சொல்லுக்கும் இல்லை. ஐந்தெழுத்து என்றால் நமக்குச் சிவபெருமான் நினைவுக்கு வருவார். இந்த ஐந்தெழுத்தில் நம்மவர் எவரும் நினைவுக்கு வரமாட்டார்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் மனத்தில் தங்குவது ஒரு திரைப்படத்தின் நினைவுதான். 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அது தாய்லாந்திலே எடுக்கப்பட்டதுமன்று. இலங்கையில் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டது. இன்னொரு செய்தியும் உண்டு. காஞ்சனபுரிப் பாலத்தின் கீழ் ஓடிய ஆறு அந்நாளில் மேகுலோங் எனப்பட்டது. படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்டு வந்த பயணிகளுக்காக 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே மாற்றினார்கள். ஒரு கதைக்காக ஓர் ஆறு பெயரை மாற்றிக்கொண்டது. ஆயிரமாயிரம் உண்மை மனிதர்களுக்கோ ஒரு பலகை வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் காணப்படாதவர்கள் யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் அது மறக்கப்பட்டுவருகிறது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், சயாமையும் பர்மாவையும் காட்டுவழியே இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் அமைக்க முனைந்தனர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தக் கணக்கை எந்த வழிகாட்டியும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் போர்க்கைதிகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கினராவது ஆசியத் தொழிலாளர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் மட்டும் 75,000க்குமேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர்களை 90,000 வரை மதிப்பிடுவோர் உண்டு. மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகாததற்குக் காரணம், அவர்களை எண்ணி எழுதிவைக்க ஒருவரும் இல்லாமற் போனதே.

போர் வந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்கள் முடங்கின. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போயினர், அல்லது சிறைப்பட்டனர். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்திருந்த மக்களிடம் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், தங்க இடம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். பசியிருந்தவர்கள் நம்பிப் போனார்கள். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. பிறகு ஆள் கிடைக்காதபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவசமாகத் திரைப்படம் காட்டுவதாக அழைத்துக் கதவை மூடி அப்படியே இரயிலில் ஏற்றியதையும் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தப்பிப்பதற்காகவே இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

போர்க்கைதிகள் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப்' படைப்பிரிவின் 7,000 பேரில் 3,000க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்கள் மனிதருக்கு நேரக்கூடாத கொடுமையை அடைந்தவர்கள். ஆயினும் அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள்; மருத்துவர்கள் இருந்தார்கள்; வெந்நீர் வைத்துக் குடிக்கவேண்டும் என்று கட்டளையிட ஒருவர் இருந்தார்; யார் எந்நாளில் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று மறைவாகக் குறித்துவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத் தமிழரிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943 நடுவில் மழையோடு காலரா வந்தபோது, கூரை ஒழுகும் மூங்கில் கொட்டகைகளில், மருந்தும் இன்றி, தலைவரும் இன்றிக் கூட்டங்கூட்டமாக அவர்கள் மடிந்தார்கள். சாங்கியிலிருந்து தொழிலாளருக்கென மருத்துவக் குழுக்கள் அனுப்பப்பட்டது அதன் பிறகுதான். 1943 அக்டோபர் 17ஆம் நாள் இருபுறப் பாதைகளும் கொன்கொய்தா அருகில் சந்தித்தன. அந்நாளை வெற்றியாகக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள்.

போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு குழு அந்தப் பாதைநெடுகச் சென்றது. போர்க்கைதிகளின் கல்லறைகள் 10,000க்கு மேல் அடையாளம் காணப்பட்டன. எலும்புகள் முறையாக எடுக்கப்பட்டு, காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பியூசயாட்டிலும் அடக்கம் செய்யப்பட்டன. தொழிலாளரைத் தேடி ஒரு குழுவும் போகவில்லை. காடு அவர்களை மூடிக்கொண்டது. 1990இல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியிலிருந்து வெளிப்பட்டன. காஞ்சனபுரி என்றால் பொன்னகரம் என்று நமக்கு எவரும் பொருள் சொல்லவேண்டியதில்லை. பெயரைப் படித்தாலே புரிகிற அந்த ஊரில், நம்மவர் பெயர் ஒன்றுகூடப் படிக்கக் கிடைக்கவில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு தம்பதியர். கணவர் தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். மனைவி ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டவர். குவாய் ஆற்று மிதவை விடுதியில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து படங்களைக் காட்டினார்கள். பாலம், யானை, மிதவையில் காலை உணவு, கல்லறை. கல்லறைப் படம் வந்ததும் அந்த அம்மையார் சற்று நிறுத்தினார். "எங்க பெரியப்பா சயாமுக்குப் போனவரு திரும்பி வரல அண்ணே. அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. இங்கதான் இருப்பாருன்னு அந்த வெள்ளைக்காரப் பேரையெல்லாம் ஒண்ணொண்ணாப் படிச்சுப் பார்த்தேன்" என்றார். கணவர் மெல்ல, "அது சோல்ஜருங்களுக்கு உள்ளது, நம்ம ஆளுங்களுக்கு இல்ல" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவர்கள்மீது எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை. அவர்களை அழைத்துச் சென்றவர்மீது கோபம் உண்டு. அந்தப் போர்க் கல்லறைக்குச் சிறிது தூரத்திலேயே தாவோர்ன் வரராம் என்னும் புத்தவிகாரை இருக்கிறது. போருக்குப் பின் கிடைத்த ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அங்கு ஒரு நினைவுத் தூபியின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் அந்த வளாகத்தில் நாட்டப்பட்டது. பாலத்துக்குச் சற்றுத் தொலைவில் ஜப்பானியரே 1944இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. அதன் வாசகங்களுள் ஒன்று தமிழில் இருக்கிறது. கொன்றவர் வைத்த கல்லில் தமிழ் இருந்தது. நம் சொந்தக் கையால் ஒரு கல் நட்டது அதற்கு எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த அம்மையாரை அந்த விகாரைக்கு அழைத்துச் சென்று, ஒரு சூடம் ஏற்ற ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால், யானைச் சவாரியின் நேரம் எவ்வளவு குறைந்துபோயிருக்கும்?

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றை நான் அறிவேன். வயதானவர்கள் மகிழ்ச்சியாக இருக்கப் போகிறார்கள், அவர்களிடம் சாவுக் கதையை ஏன் சொல்லவேண்டும் என்பது ஒன்று. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். முதியோரை அவர்கள் அறியவில்லை. அறுபத்தைந்து வயதில் ஒருவருக்குச் சாவு புதிய செய்தியன்று. இறந்தோர்க்குச் செய்யவேண்டிய கடனைச் செய்யாமல் விட்ட குறைதான் அந்த வயதில் உறுத்தும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நம் முன்னோர் ஆற்றங்கரை தேடியும் கடற்கரை தேடியும் போனது எதற்காக? வெறும் காற்று வாங்கவா? நீத்தார் கடன் முடித்துத் தாமும் இளைப்பாறி வந்தார்கள். ஓய்வும் கடனும் ஒரே பயணத்தில் பொருந்தும் என்பது நம் மரபு அறிந்த செய்திதான். ஆஸ்திரேலியர்கள் இதை இன்றும் செய்கிறார்கள். மலையைக் குடைந்த 'நரகத்தீக் கணவாய்' என்னுமிடத்தில் 1998இல் அவர்கள் அரசு அருங்காட்சியகம் கட்டியது. ஒவ்வோராண்டும் ஏப்ரல் 25ஆம் நாள் விடியுமுன் அங்கே கூடுகிறார்கள். வந்திருப்போரில் பலர் ஓய்வுபெற்ற தம்பதியர்தாம். பகலில் ஆற்றில் படகும் ஏறுகிறார்கள். எவரும் அவர்களை மகிழத் தெரியாதவர் என்று ஏசவில்லை.

மற்றொரு மறுப்பு: அது மலாயாத் தோட்டத்துக் கதை, சிங்கப்பூருக்கு என்ன தொடர்பு என்பது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் தஞ்சோங் பகாரை மறுபடியும் நாடவேண்டியிருக்கிறது.

சாங்கியிலிருந்த போர்க்கைதிகள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்துதான். அரிசி மூட்டை ஏற்றும் இரும்புச் சரக்குப் பெட்டி ஒவ்வொன்றிலும் முப்பது பேர் அளவுக்கு அடைக்கப்பட்டார்கள். பகலில் இரும்பு கொதிக்கும், இரவில் குளிரும், படுக்க இடமில்லாமல் முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஐந்து நாள் பயணத்துக்குப்பின் பான்போங்கில் இறக்கப்பட்டார்கள். அந்தத் தண்டவாளம் ஜொகூரைக் கடந்து, நெகிரி செம்பிலானைக் கடந்து, சிலாங்கூரைக் கடந்து சென்றது. அதே தடத்தில் வந்த வண்டிகளில்தான் தோட்டத் தமிழரும் ஏற்றப்பட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே நிலையத்திலிருந்து, அதே காஞ்சனபுரிக்கு, வெண்துணி விரித்த உணவு மேசையோடு சொகுசு வண்டி புறப்பட்டது. ஒரே தடம், இரண்டு பயணம். ஓர் ஊரின் வரலாறு இதைவிட நெருக்கமாக நம் வீட்டு வாசலுக்கு வரமுடியுமா?

அந்த நிலையத்தின் கூடத்துக்குள் நின்று மேலே பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சுவர்களில் உயர்ந்த ஓவியப் பலகைகள். அவற்றுள் ரப்பர் மரம் சீவும் காட்சியும் உண்டு. முகப்பில் ருடால்போ நோலி செதுக்கிய நான்கு பளிங்கு உருவங்கள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். மலாயாவின் செல்வம் எதனால் வந்தது என்பதைப் பெருமையோடு காட்டும் கட்டடம் அது. அந்தச் செல்வத்தை மரம் மரமாய்ச் சீவியெடுத்த கைகளையே, அந்தச் செல்வம் ஏற்றிச் சென்ற இருப்புப்பாதை பிற்பாடு காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2011இல் அந்நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதனோடு சேர்ந்து வட்டப்பாதை இரயிலின் கன்டோன்மென்ட் நிலையம் அமைகிறது. நல்லது. கட்டடத்தைக் காப்பதில் நம் நாட்டுக்கு உள்ள அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை. சயாமுக்குச் சென்ற வண்டிகளைப் பற்றி அங்கே நான்கு மொழியிலும் நான்கு வரி எழுதிவைக்கவேண்டும் என்று கேட்கவேண்டியவர்கள் நாம். கேட்டோமா?

நினைவுகூரத் தெரியாத நாடு அன்று நம் நாடு. கடற்கரைச் சாலையில் 1967இல் எழுப்பிய பொதுமக்கள் போர் நினைவுச்சின்னத்தின் நான்கு தூண்களுள் ஒன்று இந்தியரைக் குறிப்பது. கிராஞ்சியில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் சுவரில் இருக்கின்றன; இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய இராணுவம் இருந்த இடத்தைக் காட்டும் கல் 1995இல் வைக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவர்க்கு இடம் கிடைத்திருக்கிறது. மண்வெட்டி ஏந்தியவர்க்குக் கிடைக்கவில்லை. இதில் அரசைமட்டும் குற்றம் சொல்வது எளிது, ஆனால் நேர்மையாகாது.

ஏனெனில் குற்றத்தில் பெரும்பங்கு எழுதுகிற நம்மைச் சேரும். கடந்த பல ஆண்டுகளாக நம் மலர்களிலும் தொகுப்புகளிலும் வெளிவந்த பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, விடுதியில் இட்லி கிடைத்ததா, வழிகாட்டி எவ்வளவு நகைச்சுவையாகப் பேசினார், சந்தையில் எதை என்ன விலைக்குக் கேட்டோம், எவ்வளவுக்கு முடித்தோம். குவாய் ஆற்றைப் பற்றி எழுதியவர்களும் இப்படியே எழுதினார்கள். ஆங்கிலப் படத்தின் கதையைத் தமிழில் ஒரு பத்தி சொல்லிவிட்டு, பாலத்தின் மீது வீசிய தென்றலைப் புகழ்ந்து முடித்தார்கள். தென்றல் வீசியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் எழுதுகிற ஒருவர், தமிழர் செத்துக் குவிந்த கரையில் நின்று, வெள்ளையர் கதையை மட்டும் மொழிபெயர்த்துத் தருவதற்கு என்ன பெயர் வைப்பது?

படிக்க நூல் இல்லை என்றும் சொல்ல இயலாது. மலேசிய எழுத்தாளர்கள் தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் இதே பொருளைக் கொண்டது. கடற்பாலத்துக்கு அப்பால் அச்சான நூல்கள் இவை. நம் ஓய்வுபெற்ற தம்பதியர் பயணப் பெட்டியில் மாத்திரை டப்பாவோடு இவற்றுள் ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ள எவ்வளவு இடம் பிடிக்கும்? ஆனால் அப்படி ஒரு நூல் உண்டு என்று அவர்களுக்கு நாம் சொல்லவேண்டுமல்லவா?

பெயர் தெரியாதே, எதைப் படிப்பது, யாருக்கு விளக்கேற்றுவது என்பது மூன்றாவது மறுப்பு. ஓரளவு நியாயமானது. எல்லாப் பெயரும் இனிக் கிடைக்கா. ஆயினும் ஒரு பெயரும் கிடைக்காது என்பது பொய். மேலே சொன்ன அம்மையாருக்குத் தம் பெரியப்பாவின் பெயர் தெரியும். எந்தத் தோட்டம் என்பதும் தெரியும். எந்த மாதம் போனார் என்பதைத் தம் தகப்பனார் வாயால் கேட்டிருக்கிறார். போனவர்களின் மனைவிமார் மறைந்துவிட்டார்கள். பிள்ளைகளில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றைய ஓய்வுபெற்ற தலைமுறையினர். சுற்றுலாப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, கொறிப்பதற்கு முறுக்கை எடுத்து அடுத்த இருக்கைக்கு நீட்டுகிறார்களே, அவர்கள்தாம் கடைசிச் சாட்சிகள். நாற்பது பேர் செல்லும் பேருந்தில் பத்துப் பேருக்காவது தோட்டத்து வேர் இருக்கும். போகவர நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பழைய படப்பாட்டு ஒலிபரப்புகிறார்கள். அதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார் என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துக் கேட்டால் எத்தனை பெயர் கிடைக்கும்! 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் நம் நாட்டில் இருக்கிறது. தமிழிலும் பதிவு செய்யும். அங்கே போய்ச் சொல்ல நம்மவரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை.

ஆகவே பயண ஏற்பாட்டாளர்களுக்கும் முதியோர் மன்றங்களுக்கும் நம் எழுத்தாளர்க்கும் வெளிப்படையாகவே சொல்கிறேன். குவாய் ஆற்றுக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில் பாலத்துக்கும் யானைக்கும் இடையே தாவோர்ன் வரராம் விகாரையின் பெயரையும் அச்சிடுங்கள். போர்க் கல்லறையில் பேருந்தை நிறுத்துகிற நாற்பது நிமிடத்தில் பதினைந்தை அங்கே செலவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வருவோரின் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டம், ஊர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். திரும்பியதும் அதை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். தஞ்சோங் பகார் நிலையக் கூடத்தில் அந்த நான்கு வரிக்கான விண்ணப்பத்தை எழுத ஒரு மாலை நேரமும் இரண்டு தாளும் போதும். அந்த இரண்டு தாளில் முதல் தாளை நான் எழுதிவிட்டேன். இரண்டாவது தாள் கையொப்பங்களுக்கு உரியது. அந்த அம்மையார் தம் பெரியப்பாவின் பெயரையும் தம் பெயருக்குக் கீழே எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.